றேஞ்சர்ஸ் மனேச்சரின் மனைவி

2009 மே 3, ஞாயிறு

பருவத்தின் முதல் ஆட்டம். டோர்செட் பார்க் றேஞ்சர்ஸ் 5, மில்லிக்கன் 4. வெற்றிதான், ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

பேஸ்போல் அணிக்கு மனேச்சர் என்றால் யார் எந்த இடத்தில் நிற்பது, பந்தெறிகிறவரை எப்போது மாற்றுவது எல்லாம் அவர் சொல்வதுதான். எங்கள் மனேச்சர் என் கணவர் லெஸ்லி. மூன்றாவது வரிசையில் இருந்துகொண்டு அவர் செய்வது பிழை என்று சொல்வது என் வேலை. பதினொரு வருடமாகச் சொல்கிறேன். பக்கத்தில் கிறிஸ்துநாயகம் அண்ணை இருந்து நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்.

இன்று ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் ஆட்டமிழந்து, மூன்றாவது ஆளும் போனால் இன்னிங்ஸே முடிந்துவிடும் என்ற நேரத்தில், பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடச் சொல்லிச் சைகை காட்டினார். எந்த மனேச்சராவது அப்படிச் செய்வானா? எறிந்தவன் தடுமாறி விழுந்தபடியால் தப்பினோம். காரில் இதைச் சொன்னேன். விழுவான் என்று தனக்குத் தெரியும் என்றார். எப்படித் தெரியும்? இவருக்கு எல்லாம் பிறகுதான் தெரியும்.

ஜூலியிடமிருந்து இன்றும் ஒன்றும் இல்லை. பெப்ரவரியில் கடைசியாகக் கதைத்தோம். ஊரில் சண்டை, தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்துவிட்டது, பிள்ளைகளோடு தானும் போகிறேன் என்றாள். என் ஒரே தங்கச்சி. ஆட்டம் நடந்த இரண்டரை மணித்தியாலமும் அவளை நினைக்கவில்லை. அது பாவமா, தெரியவில்லை.

மே 18, திங்கள்

சண்டை முடிந்துவிட்டதாம். ஜூலி எங்கே?

மே 24, ஞாயிறு

ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்டார்களாம், லீக் சம்மதிக்கவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வாரம் முழுக்க ஆர்ப்பாட்டத்தில் தெருவில் நின்றவர்கள். ஒருவருக்கும் நித்திரை இல்லை. கையில் கறுத்தத் துணி கட்டிக்கொண்டு விளையாடினார்கள். 11–0 தோல்வி. லெஸ்லி ஒருவரையும் மாற்றவில்லை, சைகையும் காட்டவில்லை. சும்மா நின்றார்.

திரும்பி வரும்போது நான் வாயே திறக்கவில்லை. கெனடி வீதிச் சிவப்பு விளக்கில், "ஏதாவது பிழை சொல்லுமன்," என்றார்.



ஜூன் 23, செவ்வாய்

உயிரோடு இருக்கிறாள். இருக்கிறாள். இருக்கிறாள்.

வவுனியாவிலிருந்து ஒரு ஃபாதர் போன் எடுத்தார். செட்டிகுளம் முகாமில் இருக்கிறாளாம், இடது காலில் காயம். மிசிசாகாவில், நான் வேலை செய்கிற, விமானச் சாப்பாடு கட்டுகிற கிச்சினில், மயிர் விழாமல் போடுகிற தலைவலையோடு தரையில் இருந்துவிட்டேன். லெஸ்லி ஸ்காபரோவிலிருந்து வந்து என்னைக் கூட்டிப் போனார். நெடுஞ்சாலை முழுக்க இரண்டு பேரும் மாறி மாறி அழுதோம். வீட்டு வாசலில் வந்துதான் பார்த்தேன், தலைவலை இன்னும் தலையில்.

ஜூலை 12, ஞாயிறு

காலையில் ஜூலியோடு கதைத்தேன். யாருடையதோ போன், இரண்டு நிமிடம். சாப்பிட்டியா? ஓம். மருந்து தாறாங்களா? ஓம். கால் நோகுதா? ஓம். பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்குப் பத்து வசனம் பதில் சொல்கிறவள். குரல் அவளுடையதுதான், ஆனால் அதற்குள் ஆள் இல்லாததுபோல இருந்தது.

மனம் சரியில்லாமலே மைதானத்துக்குப் போனேன். போனது நல்லது. ஸஜீத் இன்று எறிந்ததைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் மாடியில் இருக்கிற ரஹ்மத்தும்மாவின் மகன், எலெக்றிசியன், இருபத்துநாலு வயது. அவன் பந்து நேராக வந்து, அடிக்கப் போகும்போது அரைச் சாண் கீழே விழும். ஒன்பது பேரை வெறுங்கையோடு அனுப்பினான். 6–0. கிறிஸ்துநாயகம் அண்ணை எழுந்து நின்று கைதட்டி, தன் தேத்தண்ணியை என் மடியில் ஊற்றினார்.

லெஸ்லி அவனைக் கடைசிவரை மாற்றவில்லை. இந்த வருடம் அவர் எடுத்த முதலாவது நல்ல முடிவு.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

எழுதித்தான் ஆற வேண்டும்.

அரையிறுதி, மூன்றில் முதலாவது ஆட்டம். நல்ல வெயில். ஸஜீத் ஐந்து இன்னிங்ஸ் எறிந்து ஒரேயொரு ஓட்டம்தான் கொடுத்திருந்தான். நாங்கள் 3–1 முன்னுக்கு. இன்னும் இரண்டே இரண்டு இன்னிங்ஸ். அப்போது மனேச்சர் ஐயா நடந்து போய்ப் பந்தை வாங்குகிறார். யாரிடம் கொடுக்கிறார்? சிவபாதத்திடம். நாற்பத்தொரு வயது, பந்து போய்ச் சேரும் முன்பே அடிக்கிறவன் கொட்டாவி விடலாம். ஸஜீத் களைக்கவில்லை, ஓடி விளையாடவில்லை, நிற்கிற இடத்தில் நின்று எறிகிறான். ஏன்? ஏன் மாற்ற வேண்டும்?

நான் கத்தினேன். எல்லாரும் கத்தினார்கள், ஆனால் என் குரல்தான் பெரிது. "உங்களுக்கென்ன விசரே" என்று மனேச்சரைப் பார்த்து, இருநூறு பேருக்கு முன்னால். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

4–3 தோல்வி.

காரில் கேட்டேன், ஏன் என்று. "அப்பிடித் தோன்றிச்சுது," என்றார். அவ்வளவுதான். தோன்றிச்சுதாம். இரவுச் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு இங்கே வந்து இருக்கிறேன். இனி நான் மைதானத்துக்குப் போவதாக இல்லை.

ஆகஸ்ட் 24, திங்கள்

வேலையால் வந்ததும் ரஹ்மத்தும்மா நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். நோன்பு தொடங்கிவிட்டதா என்று கேட்டேன். நேற்று இரண்டாவது நாள் என்றார்.

நேற்று.

கஞ்சி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லச் சொல்ல எனக்கு முகம் சூடாகியது. ஐந்தாவது இன்னிங்ஸில் ஸஜீத்துக்குக் கண் இருண்டிருக்கிறது. லெஸ்லியிடம் மட்டும் சொன்னானாம். மற்றவர்களுக்குச் சொன்னால் தண்ணி குடி, நோன்பை விடு என்று நிற்பார்கள், தோற்றால் நோன்பால்தான் தோற்றோம் என்பார்கள் என்று பயந்தானாம்.

"லெஸ்லி என்ன சொன்னவர் தெரியுமா, றீற்றா? 'என்ர முடிவு எண்டே இருக்கட்டும். எனக்குப் பேச்சு வாங்கிப் பழக்கம், அதுக்கெண்டு வீட்டில ஒராள் இருக்கிறா' எண்டவராம்."

ரஹ்மத்தும்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

லெஸ்லி வந்ததும் கஞ்சியைச் சூடாக்கி வைத்தேன். "எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே," என்றேன். அவன் கேட்டுக்கொண்டது ஒருவருக்கும் சொல்ல வேண்டாமென்று. ஒருவருக்கும் என்றால் உமக்கும்தான் என்றார். இன்னொரு கோப்பை கஞ்சி கேட்டார். கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டதாக எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

நேற்றும் இன்றும் வென்றோம். இறுதி ஆட்டத்துக்குப் போகிறோம். இரண்டு நாளும் நான் ஒரு சொல் பேசவில்லை. சுகமில்லையா என்று கிறிஸ்துநாயகம் அண்ணை கேட்டார்.

செப்டெம்பர் 5, சனி

ஜூலியைக் கால் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கூட நிற்க ஒருவர் வேண்டுமாம். என் பாஸ்போர்ட் முடிந்து கிடக்கிறது, புதிது வர மூன்று கிழமை. நான் சொல்லு முன்பே லெஸ்லி, தான் போகிறேன் என்றார். செவ்வாய் பிளேன்.

இறுதி ஆட்டம் பதின்மூன்றாம் திகதி. அதை யார் பார்ப்பது என்று கேட்டேன். ஆட்டக்காரரின் பெயர் எழுதுகிற அட்டைக் கட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீர் பாரும். பதினொரு வருசமா நீர்தானே பாக்கிறீர்."

எனக்கு ஏலாது என்றேன். பெடியங்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

செப்டெம்பர் 13, ஞாயிறு

மைதானத்துக்குள்ளே இருந்து பார்த்தால் எல்லாம் கிட்டவாக இருக்கிறது. முகங்கள் தெரிகின்றன. மூன்றாவது வரிசையில் இருந்து தெரிவது தொப்பிகள்தான்.

தொடங்கு முன் ஸஜீத்தைத் தனியே கூப்பிட்டேன். நோன்பா என்றேன், ஓம் அன்ரி என்றான். எத்தனை இன்னிங்ஸ் ஏலும் என்று கேட்டேன்.

"ஏழும் எறிவன்."

"எனக்குப் பொய் சொல்லாதை."

நிலத்தைப் பார்த்தான். "நாலு," என்றான்.

நாலையும் முத்துப்போல எறிந்தான். 2–0. நாலாவதில் மூன்று பேரையும் வரிசையாக வெளியேற்றினான். சனம் எழும்பி நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. திரும்பி வந்தவனின் உதடு வெள்ளையாக இருந்தது. இன்னும் ஒன்று எறியலாம் என்றான். நான் கையை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பந்தைத் தந்தான்.

சிவபாதத்திடம் கொடுத்தேன். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து கிறிஸ்துநாயகம் அண்ணையின் குரல்: "பிள்ளை, உனக்கும் விசரே?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சிவபாதம் தன்னால் ஏலுமானதைச் செய்தார். கடைசி இன்னிங்ஸில் ஒரே அடி, மூன்று பேர் ஓடி வந்துவிட்டார்கள். 3–2 தோல்வி. கிண்ணம் மில்லிக்கனுக்கு.

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஆட்டக்காரர் ஒவ்வொருவராக வந்து கை தந்தார்கள். சிவபாதம் மன்னிப்புக் கேட்டார். எறியச் சொன்னது நான், உமக்கென்ன என்றேன். ஸஜீத் நிழலில் கண்ணை மூடிப் படுத்திருந்தான், கொஞ்சம் நிறம் வந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குப் போதும்போல இருந்தது.

செப்டெம்பர் 14, திங்கள்

காலை ஏழு மணிக்கு லெஸ்லி எடுத்தார். அங்கே பின்னேரம், நோயாளரைப் பார்க்கிற நேரம். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது, கால் தப்பிவிட்டது. போனை ஜூலிக்கும் கேட்கத்தக்கதாக வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு ஆட்டம் என்ன மாதிரி என்று கேட்டார். சொன்னேன்.

"ஸஜீத்தை எப்ப மாத்தினனீர்?"

"நாலு முடிய."

"அது சரி. ஆனா சிவபாதத்தை ஏன் விட்டனீர்? பந்தெறிய இன்ஃபாஸ் நிண்டவன்தானே."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. இன்ஃபாஸ் போன கிழமை விரலை நசித்துக்கொண்டு நிற்கிறான், அவனுக்குப் பந்தைப் பிடிக்கவே ஏலாது, கடல் கடந்து கதிரையில் இருந்துகொண்டு யாரும் மனேச்சர் வேலை பார்க்கலாம், வந்து நின்று பார்த்தால்தான் தெரியும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவரும் விடவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகக் கதைத்துக்கொண்டிருக்கும்போது வேறொரு சத்தம் கேட்டது.

ஜூலி சிரித்தாள்.

இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம்.

"அக்கா," என்றாள். "ஒண்டும் விளங்கேல்ல. ஆர் ஸஜீத்? ஏன் அவரை மாத்தினனீங்கள்? முதல்ல இருந்து சொல்லுங்கோ."

முதலிலிருந்து சொன்னேன். வேலைக்கு நாற்பது நிமிடம் பிந்திப் போனேன்.