சிவப்பு நூல், நீல நூல்

ஜூன் 11, மட்டாஞ்சேரி

மழை. சுக்கு மூட்டை ஒன்றும் இறங்கவில்லை. மதியம் நானும் முத்துவேலும் ரத்தப் பரிசோதனை முடிவு வாங்க ஆலோசனை மையத்துக்குப் போனோம்.

அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எனக்கு இல்லை — இப்போதைக்கு. கடைசியாகப் போதை ஊசி போட்டதிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நிச்சயமாம்.

எப்படிடா? எங்களை மாதிரி சுத்தம் பாத்தவன் யாரு? நாங்கள் வேலை செய்யும் கிட்டங்கியில் தரம் பிரித்த மூட்டைக்கு அடையாளமாகக் கட்டுகிற நூலை எடுத்து, ஆளுக்கொரு ஊசியில் கட்டி வைத்திருந்தோம். எனக்குச் சிவப்பு, அவனுக்கு நீலம். ஒரு நாளும் மாற்றிப் போட்டதில்லை.

ஆலோசகர் ஸாதனா சேச்சி ஒன்றுதான் கேட்டார். "ஊசி வேற வேற. சரி. தண்ணி?"

தண்ணீர் ஒரே மூடியில். எங்கள் இரண்டு ஊசியையும் கழுவியது அதிலேதான்; சந்தில் கூட உட்கார்ந்தவர்கள் ஊசியையும்.

ஜூன் 14

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை தொடங்கியாயிற்று. ஊசிப் பழக்கத்தை விடுவதற்கு. தினமும் மையத்துக்குப் போய் அவர்கள் கண்முன் கரைய விட வேண்டும். முத்துவேல் வரவில்லை. "செத்தவனுக்கு எதுக்குடா வைத்தியம்?" என்கிறான்.

ஜூன் 20

சேச்சியிடம் கேட்டே விட்டேன். ஒரே தண்ணீர். அவனுக்கு வந்தது, எனக்கு எப்படி வரவில்லை?

"உறப்பா யாராலும் சொல்ல முடியாது, அருண். பாக்கியமா இருக்கலாம். உடம்போட முதல் காவலா இருக்கலாம்." உறப்பு என்றால் இங்கே நிச்சயம்.

பிறக்கும்போதே கூட வருகிற காவலாம் அது. வந்த கிருமி இன்னதென்று கண்டுகொண்டு அதற்கென்று படை கிளம்ப நாளாகும். அதுவரை பொறுக்காமல், அந்நியன் என்று தெரிந்ததுமே மேலே பாய்கிறவர்கள் இவர்கள். சில சமயம் அங்கேயே கதை முடிந்துவிடவும் கூடுமாம்.

"நீங்க ஏத்தின பவுடர், அந்தக் காவல்காரனையே மயக்கும். கிருமிக்குச் சௌகரியம்" என்றார்.

ஒரு வருஷம் அவர்களை மயக்கிப் போட்டது நான். அப்படியும் எழுந்து வந்து நின்றார்களா? எனக்காகவா?

ஜூலை 9

கோணி ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சிவந்து, சூடாகி, வீங்கியது. முன்பென்றால் எரிச்சல் வந்திருக்கும். இன்று மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்துவிட்டார்கள்! நான் கூப்பிடவில்லை. அவர்களுக்கு ஒரு வாய் சோறு போட்டதில்லை. மெய் சிலிர்த்தது.

மேஸ்திரி கத்தினார். தமிழன் எவனானாலும் அவருக்குப் பாண்டிதான். "எந்தாடா பாண்டி, விரல்ல சினிமா ஓடுதா?"

ஆமாம், ஓடுகிறது.

ஜூலை 12

வீக்கம் வற்றிவிட்டது. விரலை முத்துவேலிடம் காட்டினேன். "உனக்குள்ளயும் இருக்காங்கடா. இத்தனை நாள் மயக்கத்துலயும் தனியா சண்டை போட்டிருக்காங்க. துணைக்குக் கிருமியை அடக்குற மாத்திரையை அனுப்பேன்" என்றேன்.

விரலையே வெகுநேரம் பார்த்தான்.

ஜூலை 13

மையத்துக்கு என்னோடு வந்தான்.

ஆகஸ்ட் 3

பவுடர் கிடைக்கிற பழைய சந்து வரை போய்விட்டேன். திரும்பி வந்துவிட்டேன். வேண்டாம்டா, அவங்களை மறுபடி தூங்க வைக்காதே.

ஆகஸ்ட் 21

அறையில் தன் டம்ளருக்கு நீல நூல் கட்டியிருக்கிறான் முத்துவேல். எச்சிலில் பரவாது என்று சேச்சி சொன்னபோது அவனும்தான் பக்கத்தில் இருந்தான்.

"தெரியும்டா. இருந்தாலும் உன் ரிசல்ட் வரட்டும்."

என்ன சொல்வது இவனை?

செப்டம்பர் 12

எனக்கு இல்லை.

"இனி உறப்பு" என்று சேச்சி தாளை நீட்டினார். சந்தோஷம் வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. அந்தக் காவல்காரர்களா, குருட்டு அதிர்ஷ்டமா — யாருக்குத் தெரியும்? இரண்டுக்கும் ஒரு கும்பிடு. ஓணக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நடந்தே வந்தேன்.

முத்துவேல் அன்றைய எச்.ஐ.வி. கூட்டு மருந்தை விழுங்கிவிட்டுச் சாயா குடித்துக்கொண்டிருந்தான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தப்பிச்சுட்டடா" என்றான். சிரித்தான், ஆனால் கண் கலங்கிவிட்டது.

அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கி, நீல நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். மிச்சச் சாயாவைக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தான்.