ரேக் போட்ட அறை

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து காற்று. பெரம்பலூர் முழுக்கப் புழுதி. துணியை இரண்டு தடவை அலசினேன்.

அவர் வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பும்போது கேட்டேன்.

"ஏங்க, எனக்கு ஒரு ரேக் செஞ்சு தரீங்களா?"

"செருப்பு வைக்கவா?"

"இல்லீங்க. வெயிட் தூக்க."

திரும்பிப் பார்த்தார். கல்லூரியில் நான் பளு தூக்கியது அவருக்குத் தெரியும். மாவட்டத்தில் இரண்டாம் இடம். கல்யாணத்தோடு விட்டது.

"எங்க வைக்கிறது?"

"அந்த ரூம்புல."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த அறை பிப்ரவரியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. எனக்கு அப்போது எட்டாம் மாதம். பெண். பிறக்கும்போதே மூச்சில்லை. எழுதும்போதும் ஒன்றும் தோன்றவில்லை. பேனாவில் மை தீர்கிறது. வாங்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

அறையைத் திறந்து அளவெடுத்தோம். படம் நான் போட்டேன். நாலு தூண், ஏழடி. இரண்டு அங்குலச் சதுரக் குழாய். மூன்று அங்குலத்துக்கு ஒரு துளை. தூக்கும் கம்பியை வைக்க இரண்டு கொக்கி. எழ முடியாமல் போனால் கம்பி என்மேல் விழாமல் தாங்க, பக்கத்துக்கு ஒரு இரும்புத் தடி.

தொட்டில் கம்பி, துணி மூட்டை, குட்டி மெத்தை. அத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பரணில் வைத்தார்.

"கல்லங்குறிச்சி கோயிலுக்கு ஒரு தடவ போயிட்டு வந்துடலாம்மா."

"போலாம் அத்தை."

எப்போது என்று அவரும் கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

வாங்க: பேனா, துவரம்பருப்பு, ரேக் துருப்பிடிக்காமல் அடிக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட்.

குழாயடியில் எதிர்வீட்டு அக்கா யாரிடமோ: "புள்ள போன வூட்டுல ஜிம்மு வைக்கிறாளாம்." என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். குடம் நிரம்பியது. தூக்கிக்கொண்டு வந்தேன். கோபம் வரவேண்டும். வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அரியலூரிலிருந்து அண்ணன். வண்டியில் ஒரு மூட்டை சிமெண்ட். பழைய பேசினில் எண்ணெய் தடவி, நடுவில் குழாய்த் துண்டு நட்டு, கலவையை ஊற்றினோம். எடைத் தட்டு நாலு.

"ஒடம்பு தாங்குமா?" என்றான்.

"டாக்டரம்மா தூக்கலாம்னுட்டாங்க."

"மனசு?"

"அத அவங்க கேக்கல."

சிரிப்பான் என்று நினைத்தேன். கை கழுவப் போய்விட்டான்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று நிறுத்திப் பார்த்ததில் ஒரு தூணில் துளைகள் அஞ்சு மில்லிமீட்டர் ஏறியிருந்தன. கம்பி சாய்ந்தது. அட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். கேட்கவில்லை. ரஞ்சன்குடிக்குத் தரவேண்டிய கேட்டைத் தள்ளிவைத்து, இன்று புதுத் தூண் அறுத்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் நாலு தூணையும் தரையோடு போல்ட் போட்டு முறுக்கினார். நான் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

ரசம் பொங்கி அடுப்பெல்லாம் போயிற்று.

ஜூலை 27, ஞாயிறு

முதல் நாள். வெறும் கம்பி, இருபது கிலோ. தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தேன். பத்து. தொடை நடுங்கியது. மற்றபடி ஒன்றுமில்லை.

அவர் வாசற்படியில் நின்று பார்த்தார். "எனக்கும் சொல்லிக் குடேன்."

காலை அகட்டச் சொன்னேன். மூச்சை அடக்கச் சொன்னேன். தினமும் இரும்பு சுமக்கிறவர். இரண்டு தடவை சுலபமாக எழுந்தார். மூன்றாவதில் இறங்கியவர் எழவில்லை. கம்பி தடியில் உட்கார்ந்தது. அதற்கடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது.

"என்னங்க, புடிச்சுக்கிச்சா?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரில துணில சுத்திக் குடுத்தாங்க. ஆட்டோ வேணாம்னுட்டேன். சுடுகாடு வரைக்கும் நடந்தே தூக்கிட்டுப் போனேன். கனமே இல்ல, கலா."

இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நான் மயக்கத்தில் இருந்தேன். முகத்தைக்கூடக் காட்டவில்லை. நானும் இதுவரை கேட்கவில்லை.

குனிந்து, கம்பிக்கடியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்படி இருந்தா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒன் நெத்திதான். நெறைய முடி."