ஒரு மில்லிமீற்றர் கூடிய தவாளிப்பு

4 பெப்ரவரி 2025, செவ்வாய்

ட்றயம்ப் ஹெரல்ட் என்ற பழைய காருக்குப் பின்பக்க பிரேக் பைப் முழுவதையும் இன்று போட்டு முடித்தேன். சுருளாக வரும் செம்பு-நிக்கல் பைப்பை என் பலகையில் ஒரே இழுப்பில் நிமிர்த்தினேன். மேலே இரண்டு பெயாரிங், கீழே மூன்று. நடுவால் இழுத்தால் நேர்கோடாக வெளியே வரும். இரண்டாம் தடவை இழுக்கக் கூடாது, செம்பு விறைத்துவிடும். பிறகு வளைக்கும் கருவி. ஒரு கைப்பிடி, ஒரு சின்ன உருளை, ஒரு பித்தளைத் தட்டு, அவ்வளவுதான். தட்டின் விளிம்பைச் சுற்றிப் பைப் உட்காரும் பள்ளத்தை, அந்தத் தவாளிப்பை, அரத்தால் நானே எடுத்தேன். மூன்று சனிக்கிழமை போனது அதற்கு. பைப் 4.75 மில்லிமீற்றர், தவாளிப்பு 4.8. இறுக்கமாகத்தான் உட்காரும். அதனால்தான் வளைவில் நசியாது.

கராஜ் முதலாளி, என் புருசனின் அண்ணன் கொட்வின் அத்தான் கைபேசியோடு வந்து நின்றார். "நீர் உம்மடை பாட்டிலை செய்யும், நான் படம் எடுக்கிறன்" என்றார். வாடிக்கையாளருக்குக் காட்டவாம். முகம் தெரியாமல் கையை மட்டும் எடுத்தார். நல்லது, தலையும் வாரி இழுக்கவில்லை இன்று.

9 பெப்ரவரி, ஞாயிறு

தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் சுசிலா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்கடை அத்தான் பெரிய கெட்டிக்காரன் எல்லே? கார் பைப் வளைக்க ஒரு சாமான் கண்டுபிடிச்சிருக்கிறாராம். மகன் பாரிசிலை இருந்து வீடியோ அனுப்பினவன்."

காருக்குள் இருந்து பார்த்தேன். நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். நீலக் கையுறை போட்ட கைகள் என்னுடையவை. குரல் அவருடையது. "நான் வடிவமைத்தது, பல வருட அனுபவத்தில்" என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். பல வருடம்! பைப்பின் வாயை விரிக்கத் தெரியாத மனுசன். ஜெர்மனியில், ஸ்ருட்கார்ட்டில் மூன்று வருடம் தொழில் படித்துப் பதினொரு வருடம் வேலை செய்தவள் நான். இவர் லண்டனில், நோர்பரியில் கராஜ் வைத்திருக்கிறார், அதுதான் அனுபவம்.

என் புருசன் அருள்நேசனும் பார்த்தார். கார்க் கண்ணாடியைத் துடைத்தார்.

10 பெப்ரவரி, திங்கள்

கேட்டேன். நேரே கேட்டேன்.

"அத்தான், அந்தக் கருவியை நீங்களோ செய்தனீங்கள்?"

"கராஜிலை செய்தது கராஜின்ரைதானே, றஜீனா. நானோ நீரோ, என்ன வித்தியாசம்? ஒரு குடும்பம்."

"அப்ப என்ரை பேரைச் சொல்லியிருக்கலாமே."

சிரித்தார். "ஒரு பொம்பிளை செய்தது எண்டால் வாங்குவாங்களே?"

வாங்குவது? எதை வாங்குவது? அப்போதுதான் விளங்கியது. விற்கப் போகிறார்.

12 பெப்ரவரி, புதன்

அருள்நேசனுக்கு இன்று பஸ் ஓட்டம் இல்லை. வீட்டில் நின்றார். சண்டை.

"அண்ணை கூப்பிட்டபடியால்தானே லண்டனுக்கு வந்தனாங்கள். விடும்."

"ஜெர்மனியிலை நாங்கள் என்ன பிச்சை எடுத்தனாங்களோ?"

"உமக்கு எல்லாத்துக்கும் கோவம்."

ஓம், கோபம்தான். வேறு என்ன வர வேண்டும்? தட்டை அராவியபோது பெருவிரல் நகம் கழன்றது எனக்கு. அவருடைய அண்ணனுக்கு அல்ல.

5 மார்ச், புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு, இந்தத் தபசு காலத்துக்குக் கோபத்தை விடுவது என்று நேர்ந்துகொண்டேன்.

6 மார்ச், வியாழன்

ஒரு நாள் தாங்கியது.

காலையில் பெட்டிகள் வந்து இறங்கின. என் கருவியைப் பார்த்து எங்கோ ஒரு பட்டறையில் இருபது செய்வித்திருக்கிறார். கறுப்புப் பூச்சு, அழகான கைப்பிடி, பெட்டியில் அவருடைய பெயர். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்க் கண்காட்சியில் விற்க வேண்டுமாம், நான் பொதி செய்ய வேண்டுமாம்.

தட்டை விரலால் தடவியதுமே தெரிந்துவிட்டது. அளந்தேன். தவாளிப்பு 5.8. ஒரு முழு மில்லிமீற்றர் கூட.

"பைப் இறுக்கமாய் இருந்தால் புதுசாய்ச் செய்யிற ஆக்களுக்குக் கஷ்டம். கொஞ்சம் லூசாய்ப் போடச் சொன்னனான்."

லூசாய்! பக்கச் சுவர் பிடிக்காவிட்டால் பைப் வளையும்போது நசிந்து முட்டை வடிவமாகும், உட்பக்கம் மடிப்பு விழும். அந்த மடிப்பில்தான் ஒருநாள் வெடிக்கும்.

7 மார்ச், வெள்ளி

ஒரு கருவியில் பைப்பை வளைத்து, வளைவை வாளால் அறுத்து, வெட்டுமுகத்தை அவருடைய மேசையில் வைத்தேன். கண் தெரியாதவனுக்கும் தெரியும் அந்த நசிவு.

பார்த்தார். பைப் துண்டைக் குப்பையில் போட்டார். "ஒருத்தரும் அறுத்துப் பாக்கப் போறேல்லை, றஜீனா. தண்ணிப் பைப்போ என்னவோ வளைப்பாங்கள்."

"பிரேக் பைப் எண்டுதானே பெட்டியிலை போட்டிருக்கு."

"உமக்கு எரிச்சல். உம்மடை பேர் இல்லையெண்ட எரிச்சல். அதுதான் பிழை பிடிக்கிறீர்."

எரிச்சல் இருந்தது, உண்மைதான். அதையே பிடித்து என் வாயை மூடிவிட்டார்.

பொதி செய்ய மாட்டேன் என்றேன். அவரே செய்தார்.

9 மார்ச், ஞாயிறு

பத்தொன்பது விற்றுவிட்டதாம். டயனா அக்கா, கொட்வின் அத்தானின் மனைவி, குடும்ப வட்ஸ்அப்பில் படம் போட்டிருக்கிறா, புருசன் மேசைக்குப் பின்னால் நின்று சிரிக்கிற படம். எல்லோரும் கைதட்டிப் பதில். அருள்நேசனும்.

18 மார்ச், செவ்வாய்

வேலை. அத்தானோடு கதைக்கவில்லை.

2 ஏப்ரல், புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

கராஜ் மின்னஞ்சலில் உதிரிப்பாகக் கடிதம் ஒன்றைத் தேடினேன். ஒரு பெண்ணின் கடிதம் கண்ணில் பட்டது. மொய்றா, விம்பிள்டன், அறுபத்தெட்டு வயது. தன் பழைய மொறிஸ் மைனர் காருக்குத் தானே பிரேக் பைப் வளைத்துப் போட்டிருக்கிறா, எங்கள் கருவியில், வீடியோவைப் பார்த்துப் பார்த்து. போன வெள்ளி தன் தெருச் சரிவில் இறங்கும்போது பெடல் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. அந்தக் காலத்துக் காரில் எல்லாச் சில்லுக்கும் ஒரே பிரேக் சுற்று. ஒரு பைப் போனால் நான்கும் போச்சு. கைப்பிரேக்கை இழுத்திருக்கிறா, போதவில்லை. அடியில் இருந்த வீட்டு மதிலில் மோதி நின்றது. வலது மணிக்கட்டு முறிவு. மதிலுக்கு அப்பால் ஒரு குடும்பம் தோட்டத்தில் இருந்ததாம்.

அதற்குக் கொட்வின் அத்தான் எழுதிய பதில் கீழே இருந்தது. நேற்றைய திகதி.

"இந்தக் கருவியை வடிவமைத்தவர் எங்கள் பணியாளர் றஜீனா. தவறு இருந்தால் அவருடையது. அவருடன் இதைப் பேசுவோம்."

நாற்பதாயிரம் பேர் பார்க்கும்போது அவர் செய்தது. ஒரு மனுசியின் கை முறிந்ததும் நான் செய்தது.

நாயே. நாய்க்கும் வெட்கம் இருக்கும்.

3 ஏப்ரல், வியாழன்

சுகமில்லை என்று சொல்லிவிட்டு விம்பிள்டனுக்குப் போனேன். மொய்றா ஒரு கையால் கதவைத் திறந்தா, மற்றக் கை மாவுக்கட்டில். நான் றஜீனா என்றேன். வழக்கறிஞரை அனுப்புவார்கள் என்று நினைத்தேன், உன்னை அல்ல என்றா.

உள்ளே கூப்பிட்டா. வெடித்த பைப்பைக் கழற்றிக் குசினி மேசையில் ஒரு துணியில் வைத்திருந்தா. நான் நினைத்த இடத்திலேயே, வளைவின் உட்பக்க மடிப்பில், மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு. நிமிர்த்திய விதம் சரி, வாய் விரித்த விதம் சரி. என்னைவிடச் சுத்தமான வேலை.

வீடியோவில் இருந்த கைகளைத்தான் நான் நம்பினேன் என்றா. இவ்வளவு நிதானமான கைகள் பிழையாகச் செய்யாது என்று நினைத்தாவாம்.

என் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

பிறகு சொன்னேன், எல்லாவற்றையும். ஒன்றை மட்டும் சொல்லக் கஷ்டமாக இருந்தது. அதையும் சொன்னேன்: தவாளிப்பு பிழை என்று எனக்கு மார்ச் ஆறாம் திகதியே தெரியும்.

ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டா.

என் பெயர் இல்லாத பொருளுக்கு நான் ஏன் பொறுப்பு என்று இருந்துவிட்டேன். அதுதான் உண்மை. ரோசம். கதைக்காமல் இருந்தது கோபத்தைக் காட்டவாம்! யாருக்குக் காட்டினேன்? அவர் சந்தோசமாக விற்றுக்கொண்டிருந்தார், இந்த மனுசி குசினி மேசையில் பைப் வளைத்துக்கொண்டிருந்தா.

கொட்வின் மேல் கோபம் குறையவில்லை. இப்போது இன்னொருத்தி மேலும் கோபம், றஜீனா மேல்.

5 ஏப்ரல், சனி

வீட்டுக் கொட்டிலில் கைபேசியை நிறுத்திவைத்து நானே பேசினேன். கையை மட்டும் அல்ல, முகத்தையும் காட்டி. என் ஆங்கிலம் ஜெர்மன்காரி மாதிரி இருக்கிறது, இருக்கட்டும்.

என் பெயர் றஜீனா. இந்தக் கருவியைச் செய்தது நான். நீங்கள் வாங்கியதில் தவாளிப்பு ஒரு மில்லிமீற்றர் கூட. அதில் வளைத்த பைப்பைக் காரில் விட வேண்டாம். ஓட்ட வேண்டாம். கழற்றுங்கள்.

அறுத்ததில் என்னிடம் இருந்த மற்றப் பாதியைக் கமெராவுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினேன். வாங்கிய பத்தொன்பது பேரின் விலாசமும் கராஜ் கணினியில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எழுதினேன். பன்னிரண்டு பேர் உடனேயே பதில் போட்டார்கள். இரண்டு பேர் திட்டினார்கள். சரி, திட்டட்டும்.

6 ஏப்ரல், ஞாயிறு

பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் கொட்வின் அத்தான் வழி மறித்தார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"குடும்பத்தைச் சந்தியிலை விட்டிட்டீர். நாளைக்குக் கராஜ் பக்கம் வராதையும்."

நான் வாயைத் திறக்க முதல் அருள்நேசன் காரால் இறங்கினார். அண்ணனுக்கு முன்னால் குரல் உயர்த்தி அவரை நான் கண்டதில்லை. இன்றும் உயர்த்தவில்லை.

"அண்ணை, நான் ஒரு நாளைக்கு எழுநூறு சனத்தை ஏத்தி இறக்கிறன். பிரேக் பிடிக்காதெண்டு தெரிஞ்சும் பஸ்சை எடுத்தனெண்டால் என்னைப் பிடிச்சு மறியலிலை போடுவாங்கள். உங்களுக்குத் தெரியும். அவள் அறுத்துக் காட்டினவள். தெரிஞ்சு வித்தனீங்கள்."

"தம்பி, நீ பெஞ்சாதியின்ரை கதையைக் கேட்டு—"

"ஓம். பிந்தித்தான் கேட்டனான்."

வீட்டுக்கு வரும் வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது என் பெருவிரலைப் பார்த்தார். நகம் முழுதாய் வந்திட்டுதோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

7 ஏப்ரல், திங்கள்

என் சாமான்களை எடுக்கப் போனேன். ஸ்பனர், அரங்கள், நிமிர்த்தும் பலகை. வளைக்கும் கருவியைக் கையில் எடுத்ததும் கொட்வின் அத்தான் கையை நீட்டினார்.

"அது கராஜின்ரை."

அவருடைய மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். மேசையில் வைத்தேன். "வடிவமைச்சது றஜீனா எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள், அத்தான். கீழை உங்கடை பேரும் இருக்கு."

அவர் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையில்லையே.

டயனா அக்கா கணக்கறையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினா. என் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத் தாய் அவ. அது வலித்தது. வலிக்காது என்று எழுத ஏலாது.

17 ஏப்ரல், வியாழன்

பெரிய வியாழன். பூசையில் நாங்கள் இடப்பக்கம், அவர்கள் வலப்பக்கம். கொட்வினுடைய வீடியோவை எடுத்துவிட்டார்களாம், விற்ற காசையும் திருப்பிக் கொடுக்கிறாராம். யாரோ கண்காட்சிக்காரர் கட்டாயப்படுத்தினார்களாம். தானாகச் செய்யவில்லை.

பத்தொன்பதில் பதினேழு பேர் பைப்பைக் கழற்றிவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். மற்ற இரண்டு பேருக்கும் நாளைக்கும் போன் எடுப்பேன். அவர்கள் எடுக்கும்வரை எடுப்பேன்.

10 மே, சனி

பதினெட்டு. கடைசி ஆள் கருவியின் பெட்டியையே திறக்கவில்லையாம். கதிரையில் இருந்து அழுதேன்.

14 ஜூன், சனி

சட்டன் பக்கம் நான் சொந்தமாக வாடகைக்கு எடுத்த பட்டறையில் ஒரு கார்தான் நிற்கும். நாலு நாளாக அதில் நின்றது மொய்றாவின் மைனர். ஒவ்வொரு வளைவையும் நானே வளைத்தேன், மொய்றா பக்கத்தில் ஸ்டூலில் இருந்து ஒவ்வொன்றையும் அளவுகோலால் அளந்து பார்த்தா. நம்பிக்கையில்லாமல் அளந்தா. அளக்கட்டும் என்று விட்டேன்.

இன்று காரை விம்பிள்டனுக்குக் கொண்டுபோனேன். மொய்றா தன் தெருவின் உச்சியில் நிறுத்தச் சொன்னா. கீழே அந்த மதில் தெரிந்தது, நடுவில் மட்டும் புதுச் செங்கல். முதலில் நீ ஓட்டு என்றா.

மொய்றா பக்கத்தில் இருக்க, காரை இறக்கினேன். பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்தேன். கார் மூக்கைக் குத்தி நின்றது. மொய்றாவின் இடது கை கதவுப் பிடியில் வெள்ளையாய்ப் போயிருந்தது. மேலே கையைக் காட்டினா. திரும்ப ஏறினோம், திரும்ப இறங்கினோம்.

மூன்றாம் முறை உச்சிக்கு வந்ததும் இறங்கு என்றா. இடம் மாறினோம். மணிக்கட்டு இன்னும் முழுதாய் மடங்கவில்லை, கியர் மற்றக் கையில் என்பதால் சமாளித்தா. நான் பக்கத்து ஆசனத்தில், கைப்பிரேக்குக்குக் கிட்டக் கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

"கையை எடு" என்றா மொய்றா.

எடுத்து மடியில் வைத்தேன். கார் இறங்கத் தொடங்கியது.