காற்றில் ஏழு வாயுக்கள்

கொல்லம் 1109 ஆனி 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. தக்கலைச் சந்திப்பில் முழங்கால் தண்ணீர். சேலைக்கரை நனைந்து, பள்ளிக்கூடம் விடும்வரை ஈரத்தோடே நின்றேன். ஜலதோஷம் பிடிக்காமல் இருந்தால் சரி.

ஏழாம் வகுப்பு மாதப் பரீட்சை, விஞ்ஞானம். மொத்தம் 19 விடைத்தாள். "காற்றில் உள்ள வாயுக்கள் எவை?" பத்து மார்க். முதல் தாளில் ஏழு வாயு. இரண்டாவதிலும் ஏழு. பத்தொன்பது பிள்ளைகளும் ஏழுதான்: பிராணவாயு, உயிர்வளி, ஆக்ஸிஜன், உப்புவாயு, நைட்ரஜன், கரியமிலவாயு, கரிவளி. வரிசைகூட மாறவில்லை.

நான் நடத்தியது மூன்றே வாயு. முதல் மூன்று பெயரும் ஒன்றுக்கு. அடுத்த இரண்டு ஒன்றுக்கு, கடைசி இரண்டு ஒன்றுக்கு.

கணக்கு நடத்தும் பொன்னையா சாரிடம் காட்டினேன். "ஏழுதானா? வயித்து வாயுவ உட்டுட்டுதுவளே டீச்சரே" என்றார். சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு போய்விட்டது. ஒருத்தி எழுதினால் மக்கு எனலாம். பத்தொன்பது பேரும் மக்கா?

13, புதன்

மழை விட்டது. பாடக்குறிப்பு நோட்டைப் பார்த்தேன். ஏழு பெயரும் ஒன்றன் கீழ் ஒன்றாக, 1 முதல் 7 வரை நம்பர் போட்டு. என் கையெழுத்து. எது எதற்கு மறுபெயர் என்று ஒரு சொல் இல்லை. இதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். தினமும் ஜெபம் முடிந்ததும், வாய்ப்பாடு சொல்வதுபோல, எல்லாரும் சேர்ந்து ராகமாக ஒப்பிக்கவும் வைத்திருக்கிறேன்.

எல்லாம் பயம்தான். பழைய பாடப்புத்தகத்தில் ஒரு பெயர், சென்னையிலிருந்து வந்த புதிய புத்தகத்தில் வேறு பெயர். இன்ஸ்பெக்டர் வந்தால் இங்கிலீஷ் பெயர். எதைக் கேட்டாலும் பிள்ளைகள் விழிக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சேர்த்தேன். எது எதற்கு மறுபெயர் என்று வாயால் சொன்னதாகவே இத்தனை நாளும் நினைப்பு.

வாங்க: மண்ணெண்ணெய், சோப்பு. குடைக்கம்பி மாற்ற.

விளக்கேற்றும்போது ரூத் ஞாபகம் வந்தது. போன வருஷத்துப் பிள்ளை. கடைசிப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் மட்டும் தோற்றுப் படிப்பை நிறுத்தினாளே. அவள் என்ன எழுதியிருந்தாள்?

14, வியாழன்

அலமாரியில் பழைய விடைத்தாள் கட்டு. கறையான் இன்னும் வரவில்லை. ரூத்தின் தாள் கிடைத்தது.

ஏழு வாயு. நல்ல குண்டு எழுத்து. மேலே என் சிவப்பு மை: "உளறல்." சைபர்.

இரண்டில் ஒன்று எழுதினால் போதும்; அந்தக் கேள்வியை எடுத்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் அதை விட்டுக் காந்தம் பற்றிய கேள்விக்குப் போய்விட்டார்கள். அதனால் அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாலு மார்க்கில் தோல்வி. ஏழாம் வகுப்பு பாஸ் இருந்தால் ஆசுபத்திரியில் நர்சு படிப்புக்கு எடுப்பார்கள். அதற்கென்றே படித்த பிள்ளை. இப்போது புதுக்கடையில், வீட்டிலிருந்து நூலில் ரேந்தை, லேஸ், பின்னுகிறாளாம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

15, வெள்ளி

தலைமையாசிரியை பெரிய டீச்சரிடம் இரண்டு தாள்கட்டையும் வைத்து, ரூத்தின் மார்க்கைத் திருத்தக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முடிஞ்ச ரிஜிஸ்டர்ல கை வச்சா இன்ஸ்பெக்டர் சும்மா இருப்பாரா? உமக்க தப்புன்னு எழுதித் தரணும். சர்வீஸ் புக்குல ஏறும், பாத்துக்கிடும்."

"ஏறட்டும்" என்றேன். தைரியம் ஒன்றும் இல்லை. எழுதினேன், நாலு வரி. ரூத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டுப் பாஸ் சீட்டு எழுதித் தந்தார். நர்சு படிப்புக்கு ஆள் எடுப்பது ஆனி 30 வரை என்று அவரே விசாரித்தும் சொன்னார். கடுமை பேசுவாரே தவிர நல்ல மனுஷி.

பிற்பகல் வகுப்பில் மூன்று வாயுவை எழுதி, அதனதன் பெயர்களைப் பக்கத்தில் எழுதினேன். "அப்பம் மிச்ச நாலு வாயு எங்க போச்சு டீச்சரம்மா?" என்று முதல் பெஞ்சு. 19 பேருக்கும் பத்து மார்க்.

16, சனி

புதுக்கடை பஸ், நெரிசல். சந்தை நாள். ரூத்தின் அப்பா மரச்சீனிக் கிழங்குக் குவியலுக்குப் பின்னால் நின்றார். சீட்டைக் கையில் கொடுத்து, தப்பு என்னுடையது என்றேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பம் எனக்க மவ பாஸா?"

"பாஸ்."

"மூணு மாசமா மண்டி, மக்குன்னு ஏசிட்டேனே டீச்சரம்மா." வியாபாரத்தைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனார். திங்கட்கிழமை தானே ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போவதாக வழியெல்லாம் சொன்னார்.

ரூத் மெலிந்திருந்தாள். ரேந்தை பின்னும் தலையணை மடியில். சீட்டை இரண்டு தரம் வாசித்தாள். ஏழு பெயரையும் நான் எழுதிப்போட்ட விதத்தைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவள் குனிந்துகொண்டு தலையணையில் குத்தியிருந்த ஊசிகளைச் சரிசெய்தாள்.

"எல்லாம் ஒண்ணுக்கொண்ணு மறுபேருதானோன்னு எனக்கு அப்பமே ஒரு சந்தேகம் உண்டு, டீச்சரம்மா."

பின்னே ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா ஏசுவியளே."

ஏசியிருப்பேன்.