சூடு ஆறாமல் கட்டிய பொதி

அடியே, இன்று காலை நம் கொட்டில் முழுக்கக் கட்டாக் கருவாட்டு வாசனை. அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பு வியாபாரி வந்தார். நம் முதல் பொதியைத் திருப்பி அனுப்பிய அதே மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டை முகர்ந்து பார்த்தார்.

"நல்ல சுத்தம், தங்கச்சி. அண்டைக்கு அந்தப் பிள்ளைய விலத்தினது நல்லதாப் போச்சு."

"எந்தப் பிள்ளை?"

"உங்கட கூட்டாளிதான். பொதிய அப்பிடிக் கட்டினது தான் எண்டு அவவே ஒத்துக்கொண்டா. அவ இருந்தா இனி வாங்கமாட்டன் எண்டு அவவிட்டயே சொல்லிப்போட்டன். உங்களுக்குத் தெரியாதா?"

கட்டியது நீ என்றா அவரிடம் சொன்னாய், அடியே?

இடம்பெயர்ந்து போய்ப் புத்தளத்திலிருந்து திரும்பிவந்த இரண்டு குமருப் பிள்ளைகள் யாவாரம் செய்யப்போகிறார்களாம் என்று முசலி ஊரே நம்மைப் பார்த்துச் சிரித்த காலம் அது. மற்றவர்களைப்போல மணலில் போடாமல், வலைத் தட்டில் மீனைக் காயவைத்தோம். எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் நான்தான் அவசரப்பட்டேன். கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று, வெயிலில் கிடந்த மீனைச் சுடச்சுட உறையில் போட்டு ஒட்டினேன்.

"ஆறட்டும்டி, உள்ளுக்க வேர்க்கும்" என்றாய்.

"பஸ் உனக்காக நிக்குமா?" என்று எரிந்து விழுந்தேன். அங்கே போய் உறையைப் பிரித்தால் எல்லாம் பூஞ்சணம்.

அடுத்த மாதமே, "குவைத்துக்குப் போறன்" என்று வந்து நின்றாய். உன்னைத் துரோகி என்றேன். முகத்தைக்கூடப் பார்க்காமல் அனுப்பினேன். வியாபாரி மறுபடி ஓடர் தந்தபோது, எல்லாம் என் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். காய்ச்சலில் நீ மௌத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த நாளிலும் அந்தக் கோபம் எனக்குள் கிடந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்று வியாபாரியிடம் சொல்லிவிட்டேன். "அண்டைக்குக் கட்டினது நான். அவ வேணாம் எண்டுதான் சொன்னவ."

தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "யோசிச்சுச் சொல்றன்" என்றார். தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்ற நான்கு பெண்களும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் வீட்டு அடுப்பும் இந்த ஓடரில்தான் எரிகிறது. ஆனாலும் என் வாய் நிற்கவில்லை.

குவைத்திலிருந்து நீ அனுப்பிய ஏழு குரல் பதிவுகளையும் நான் திறக்கவேயில்லை. சற்று முன் முதலாவதைக் கேட்டேன். "அடுத்த ஓடர் கிடைச்சுதாடி? ஓம் எண்டு ஒரு சொல்லு போடு, அதுவே எனக்குக் காணும்."

ஓமடி, கிடைத்தது. மற்ற ஆறையும் திறக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.