தீப்பிடிக்காத ஸ்பாஞ்சு

மாப்ளே,

இன்று காலை போடிமெட்டு போகிற ஜீப்பில் ஏறினேன். சீட்டின் ஓரம் கிழிந்து ஸ்பாஞ்சு எட்டிப் பார்த்தது. விரலால் நிமிண்டியதும் மஞ்சளாகத் தூள் கொட்டியது. பழைய ரப்பரும் தூசியும் கலந்த அந்த வாசனை. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் உன் சீட்டு தைக்கிற கடைக்குள் நுழைந்த மாதிரிதான் இருந்தது.

உடைத்த பஸ்சுகளிலிருந்து வரும் ஸ்பாஞ்சைத்தான் நீ வாங்குவாய். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் டிரைவர் எவன் வந்தாலும், ஒரு துண்டைக் கிள்ளித் தீக்குச்சியை வைத்துக் காட்டுவாய். கருகும், பிடிக்காது. "பாத்துக்க, பீடி விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. இதுல மருந்து இருக்கு" என்பாய். அது என்ன மருந்தென்று நீ கேட்டதில்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்திய நானும் கேட்டதில்லை. மத்தியானம் எதை எது தின்னும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுவிட்டு, சாயங்காலம் உன் கடையில் டீயைக் குடித்துவிட்டு, வெட்டிய தூளைக் கூட்டிப் பின்னால் ஓடையில் தள்ளியவன் நான். "வெரசா தள்ளு மாப்ளே, காத்தடிச்சா கண்ணுல விழுகும்" என்று அவசரப்படுத்துவாய். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஓடை போய்ச் சேரும் கண்மாயிலேயே தூண்டில் போடுவோம். சின்ன விரால் மாட்டினால் திரும்ப விட்டுவிடுவாய். "பெருசாகட்டும்யா. பிள்ளை பெத்தவளுக்குக் கெழட்டு விராலுதான் தெம்பு." உன் மகள் பிறந்தபோது கை கொள்ளாத விராலாகப் பார்த்துத்தான் உன் வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

போன மாதம், என்னிடம் படித்த பெண் ஒருத்தி அந்தக் கண்மாயின் சேற்றையும் மீனையும் சோதித்துவிட்டு என்னைப் பார்க்க வந்தாள். தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனம் சார் என்றாள். தண்ணீரில் லேசில் கரையாதாம், சேற்றில் ஒட்டிக்கொள்ளுமாம். சேற்றுப் புழுவில் கொஞ்சம், புழுவைத் தின்னும் அயிரையில் அதைவிட, அயிரையைத் தின்னும் விராலில் இன்னும் அதிகம். கொழுப்பில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. வருடக்கணக்கில் தின்று வளர்ந்த பெரிய மீனில்தான் ரொம்ப. தாய்ப்பாலிலும் வரும், அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள் என்றும் சொன்னாள்.

எனக்கு உன் மகள் ஞாபகம்தான் வந்தது. பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், உனக்குப் பேரன். மறுநாளே போனேன். உள்ளே விரால் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "அத்தாவும் நீங்களும் தூண்டில் போட்ட கண்மாய் மீனுதான் மாமா. வேற எதுவும் வாய்க்கு ஒப்பல" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். உன் வீட்டம்மா அடுப்பை அணைத்தார்.

"இனிமே திங்கல மாமா. இத்தன வருசம் தின்னது?"

தெரியலம்மா என்றேன். என் படிப்பு அவ்வளவுதான்.

"இது கண்மாய்க்குள்ள எப்படி வந்துச்சு?"

"பழைய டிவி, வயரு, என்னென்னமோ கொண்டாந்து கொட்டுறாங்கம்மா" என்றேன். பொய்யில்லை. ஆனால் உன் பேரைச் சொல்லவில்லை. என் பேரையும் சொல்லவில்லை. பிள்ளை அழுதான். அவள் பால் கொடுக்கத் தூக்கினாள், நான் எழுந்து வந்துவிட்டேன்.

இதை உன்னிடம்தான் சொல்ல முடிகிறது. உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது மாப்ளே.