செம்மர நிறத்தில் ஒரு ஸ்டூல்

ஆவணி, ஞாயிறு இரவு.

மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நானே செய்த ஸ்டூலை எடுத்துக்கொண்டு நானும் என் மனைவி மல்லிகாவும் பைக்கில் திருச்சானூர் கிளம்பினோம். கம்பெனியில் தூக்கிப் போட்ட பெட்டிப் பலகையில் செய்தது. அது தெரியக் கூடாதென்று செம்மர நிறத்தில் சாயம் ஏற்றி, மேலே வார்னிஷும் அடித்திருந்தேன். இந்தப் பக்கம் செம்மரக் கடத்தலைப் பிடிக்கவே செக்போஸ்ட் இருப்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

வடமாலபேட்டை தாண்டியதும் வனத்துறைக்காரர் ஒருவர் மறித்தார். மல்லிகாவின் மடியிலிருந்த ஸ்டூலைத் தட்டிப் பார்த்தார்.

"ஏமய்யா, செம்மரத்த எங்க எத்துக்கினு போற?"

"பெட்டிப் பலகை சார். நானே செஞ்சேன்."

"இந்தப் பளபளப்பு நீ செஞ்சதா? யார்கிட்ட கதை வுடற?"

அந்தப் பயத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குள் மல்லிகா ஸ்டூலைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுல உக்காந்து பாருங்க சார். இவரு செஞ்சதுன்னு தெரிஞ்சிடும்."

உட்கார்ந்தார். ஸ்டூல் இடப்பக்கம் சாய்ந்தது. நகர்ந்து உட்கார்ந்தார். வலப்பக்கம் சாய்ந்தது. எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டார்.

"செம்மரத்த எவனும் இப்டிப் பாழாக்க மாட்டான். போ, போ."

விசேஷத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் மல்லிகா இதைச் சொல்லிச் சிரித்தாள். மச்சான் எல்லோரையும் அதில் உட்கார வைத்து ஆட்டிப் பார்த்தார். நான் பாயசத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

ஆனாலும், உட்காரும் வரைக்கும் அந்த வனத்துறைக்காரர் அதைச் செம்மரம் என்றே நம்பினார். அடுத்து யாரும் உட்கார முடியாத ஏதாவது செய்ய வேண்டும்.